வார்ப்புருக்கள் என்றொரு ஃபோல்டர்

ஜனவரி 3, வெள்ளி

இந்த டைரியை எழுதச் சொன்னவர் பிரசன்னா. கடையின் இரண்டு கம்ப்யூட்டரையும் மாற்றிக் கொடுத்தவர். "எந்த ஃபைல எங்க வச்சீங்கன்னு ஒரு மாசம் எழுதிக்கிட்டே வாங்கக்கா, தன்னால பழகிடும்" என்றார். முதலாளி பாய் உடனே மேசை டிராயரிலிருந்து உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்றை எடுத்து நீட்டினார். சும்மா கிடக்கும் பொருளுக்கு ஒரு வேலை கிடைத்தால் பாய் முகத்தில் வரும் சந்தோஷமே தனி.

ஆகவே எழுதுகிறேன். எங்கள் ஃப்ளெக்ஸ் கடையில் இன்றிலிருந்து விண்டோஸ் இல்லை. பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்குத் திருட்டு சாப்ட்வேர் வைத்திருந்ததாக வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அன்றிலிருந்து முதலாளி ஜபருல்லா பாய்க்குத் தூக்கம் போச்சு. எங்களுடையதும் அதே சரக்குதான். இப்போது லினக்ஸாம், இலவசமாம். "தமிழ்லயே போட்டுக் குடுங்க தம்பி, நம்ம தமயந்திம்மாவுக்கு சுலுவா இருக்கும்" என்று பாய் வேறு சொல்லிவைக்க, எல்லாப் பெயரும் தமிழ்.

தமிழ் எனக்கு வராதா? ஊருக்கே கல்யாணம், காதணி, மஞ்சள் நீராட்டு, கருமாதி என்று தமிழில் அடித்துக் கொடுப்பவள் நான்தான். ஆனால் 'பணிமேசை' என்றால் டெஸ்க்டாப் என்று எனக்கு யார் சொன்னார்கள்? டவுன்லோட்ஸ் 'பதிவிறக்கங்கள்' ஆகிவிட்டது. சொந்த பாஷை பேசுகிற ஊரில் வழி தெரியாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

பெரிய நஷ்டம் டி டிரைவ். "டி எங்க தம்பி?" என்று கேட்டேன். "இதுல டி, ஈ எல்லாம் கிடையாதுக்கா. எல்லாம் ஒரே மரம். நீங்க பொழங்க வேண்டியது 'இல்லம்'ங்கற ஃபோல்டர்ல" என்றார். கடைக்கு வந்தும் இல்லமா என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

பழைய டியில் கண்ணை மூடிக்கொண்டு போவேன். கல்யாணம், காதணி, மஞ்சள், கட்சி, அஞ்சலி. அதற்குள் நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு. அதற்குள் ஃபைனல், ஃபைனல் ஃபைனல், பாய் ஓகே. வெளியாளுக்குக் குப்பை, எனக்கு என் அடுப்படி. அது மொத்தத்தையும் இப்போது 'ஆவணங்கள்' என்பதற்குள் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

'வார்ப்புருக்கள்' என்று ஒன்று இருக்கிறது. திறந்து பார்த்தேன், காலி. பிரிண்டிங் மெஷின் ஓட்டும் குமரகுருவைக் கேட்டேன். "அந்தப் பேர வாசிக்கவே மூச்சு வாங்குதுக்கா. நான் அந்தப் பக்கமே போவல" என்றான்.

ஜனவரி 4, சனி

எனக்குக் கடை இல்லை. புதனும் சனியும் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். முதல் பஸ்ஸில் திருவாரூர் போய், மெஷினில் போட்டு, எடுத்து, வீடு வந்து சேர சாயங்காலம். வரும்போது உட்கார இடம் கிடைத்தது அவருக்கு மட்டும்.

ஜனவரி 6, திங்கள்

பஞ்சாயத்துத் தலைவர் பொங்கல் வாழ்த்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டோவைக் காணவில்லை. போன வருடம் எடுத்தது, கும்பிட்ட கையோடு, நல்ல போட்டோ. கட்சி ஃபோல்டரில் தேடினேன், படங்கள் என்பதில் தேடினேன். தலைவர் வாட்ச்சைப் பார்த்தார். கடைசியில் அது காதணிக்குள் இருந்தது. அவர் பேத்தி காதுகுத்தில் எடுத்த போட்டோ என்பது மறந்தே போச்சு.

"என்னம்மா, சிஸ்டம் புதுசா?" என்றார்.

"சிஸ்டம் புதுசுங்கய்யா. நான்தான் பழசு" என்றேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் இதைச் சொன்னேன். வயர்மேன் ஆயிற்றே, அவருக்குப் பட்டென்று புரிந்தது. "சுவிட்ச் போர்ட மாத்தி வச்சா பழைய எடத்துலதான் கை போவும். ரெண்டு மாசம் ஆவும்" என்றார். கம்பம் ஏறிக்கொண்டிருந்த மனுஷன் இப்போது வாசல் மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அவர் கை இன்னும் ராத்திரியில் சுவரில் எதையோ தேடும். முன்பு இருந்த வீடு வேறு, இந்த வாடகை வீடு வேறு.

ஜனவரி 8, புதன்

இன்று எழுந்திருக்கமாட்டேன் என்றார். "ஒரு நாள் விட்டா என்ன ஆயிடப்போவுது?"

என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். காலில் தண்ணீர் கோர்க்கும், மூச்சு முட்டும். சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, பொத்தான் போட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தார். பஸ்ஸைத் தவறவிடவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

கடை திறந்ததும் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா ஐ.சி.யூ.வுல இருக்காங்க. ரெண்டு மூணு நாள்தான்னு சொல்லிட்டாங்க. அப்புறம் அலைய ஆள் இல்ல, அதான்..."

இது எங்கள் கடைக்குப் புதிதல்ல. போட்டோவை வாங்கிக்கொள்வோம். பெயர், தோற்றம், மனைவி மக்கள் எல்லாம் அடித்து வைத்துவிடுவோம். 'மறைவு' என்பதற்கு எதிரே மட்டும் காலி. போன் வந்ததும் தேதியைப் போட்டு மெஷினில் விட்டால் கால்மணி நேரம். பந்தல் போடும் முன்னே பேனர் போய்ச் சேர்ந்துவிடும். இதில் தாமதமானால் ஊர் எங்களைத்தான் பேசும்.

ஆனால் கண்ணில் படாத இடத்தில் வைக்கவேண்டும். இன்னொரு கஸ்டமர் எட்டிப் பார்த்து, அடடா அவரு போயிட்டாரா என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? பழைய டியில் அதற்கென்றே 'பழைய பில்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. எனக்கும் குமரகுருவுக்கும் மட்டும் தெரியும். இன்று ஆவணங்களுக்குள் அதே பெயரில் ஒன்று புதிதாகத் திறந்து அதில் போட்டேன்.

போகும்போது அந்த மனிதர், "நான் செய்யறது பாவம்தானேம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க. ஒரு வேலை முடிஞ்சிது" என்றேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. நிற்க நேரமில்லை. பழைய பில்லில் இருந்தவருக்குத் தேதி வந்துவிட்டது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். ஆஸ்பத்திரிக்கு அதெல்லாம் தெரியாது. பஸ்ஸில் கரும்பும் சொந்தக்காரர்களுமாக ஒரே கூட்டம். ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவரையும் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் மகள் வெண்ணிலா ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் இருக்கிறாள், இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் பொங்கல் பானையைக் காட்டச் சொன்னாள். குக்கரைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "விட்டுருவோம் தமயந்தி" என்றார்.

"எதை?"

"எல்லாத்தையும்தான். போதும்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்தேன். "சனிக்கிழமை சீக்கிரம் கிளம்புனா ரெண்டு பேருக்கும் சீட்டு கிடைக்கும்" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் கூட்டம் வடிந்துவிட்டது. பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டார். குமரகுரு மாமியார் வீட்டில். கடையில் நான் மட்டும்.

பழைய கோரலும் போட்டோஷாப்பும் போய், புதிதாக வந்திருக்கும் சாப்ட்வேரை உட்கார்ந்து பழக இன்றுதான் நேரம் கிடைத்தது. கல்யாண பேனர் செய்து பழகியிருக்கலாம். அதில் பூவும் மினுக்கும் அதிகம், கை வலிக்கும். அஞ்சலியில் வேலை குறைவு என்று அதை எடுத்துக்கொண்டேன். பழகுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே. கைக்கு வந்த பெயரைப் போட்டேன். போட்டோவும் பக்கத்தில் கிடந்ததுதான்.

விளக்கை எப்போதும்போல இடப்பக்கம் வைத்தேன். போட்டோவில் நெற்றித் திருநீறு கொஞ்சம் கலைந்திருந்தது, அதைச் சரிசெய்தேன். காலர் மடங்கியிருந்தது, அதையும் நிமிர்த்தினேன். மறைவுக்கு எதிரே ஒன்றும் போடவில்லை. பயிற்சிதானே. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

முடித்ததும் மனசு லேசாக இருந்தது, துணி துவைத்து உலர்த்திவிட்ட மாதிரி. அப்படி இருந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அழித்திருக்கலாம். புது சாப்ட்வேரில் முதல்முறையாக முழுசாகச் செய்தது, அழிக்க மனசு வரவில்லை. பழைய பில்லில் வைத்தால் குமரகுரு பார்ப்பான். வார்ப்புருக்களில் வைத்தேன். அந்தப் பெயரை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

ஜனவரி 20, திங்கள்

இனி ஃபோல்டருக்கு ஊர்ப் பெயர் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கல்யாணத்துக்குள் முத்துப்பேட்டை, பாமணி, ஆலத்தம்பாடி என்று. கஸ்டமர் வந்ததும் முதலில் சொல்வது ஊரைத்தானே. ஃபைனல் ஃபைனல் இனிமேல் கிடையாது. குமரகுருவிடம் சொன்னேன். "சரிக்கா" என்றான். சாயங்காலம் பார்த்தால் 'ஊர் ஃபைனல்' என்று ஒன்று வைத்திருக்கிறான்.

தூக்கம் வருகிறது. எழுதவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை.

மெஷினில் போட்டுப் பாதியில் அவருக்கு பி.பி. இறங்கி மயக்கம் வந்துவிட்டது. கண் மேலே செருகியது. நர்ஸ் ஓடிவந்து காலைத் தூக்கிவைத்து, மருந்து ஏற்றி, ஒருவழியாகத் தெளிந்தார். சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார்கள். என் போனில் சார்ஜ் செத்துவிட்டது. யாருக்குச் சொல்ல என்று நானும் விட்டுவிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எங்கள் எதிர்வீட்டு ராஜலெட்சுமிக்குச் சொந்தம். அந்த அம்மா போனில் சொல்ல, ராஜலெட்சுமி நேராகக் கடைக்குப் போய், "சிங்காரண்ணன் ஆஸ்பத்திரில கண்ணு சொருகிட்டாராம், தமயந்தி போன் போவல" என்று அழுதிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

நாங்கள் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இன்னும் முழுசாக இருட்டவில்லை. ஆட்டோ பிடித்தேன். தெருமுக்கில் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, "ஒங்க தெருவுல யாரோ தவறிட்டாங்கபோல" என்றார்.

எட்டுக்கு ஆறு சைஸ் பேனர். மின்கம்பத்தில் கட்டியிருந்தது. அவரே ஒருகாலத்தில் ஏறி லைட் மாட்டிய கம்பம். கண்ணீர் அஞ்சலி. வயர்மேன் சிங்காரவேலு. தோற்றம் 1973. மறைவு 22.1.2025. இடப்பக்கம் விளக்கு. கீழே, 'ஆழ்ந்த வருத்தத்துடன் முதலாளி மற்றும் ஊழியர்கள்.'

அவர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். குனிந்து வெளியே தலையை நீட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். ஆட்டோக்காரர் பேனரையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "முருகா" என்றார். இவர், "வண்டிய எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தெருவே உட்கார்ந்திருந்தது. பாய் மடியில் ஆள் உயர ரோஜா மாலை. ஆட்டோவிலிருந்து இவர் இறங்கியதும் ராஜலெட்சுமி போட்ட கூச்சலில் குமரகுரு நாற்காலியோடு பின்னால் விழுந்தான். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. இவர் படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, "மாலைய உள்ள வைங்க பாய், கசங்குது" என்றார். அப்புறம்தான் பாய் ஓடிவந்து கட்டிக்கொண்டு, ஐம்பது வயது மனிதர், தேம்பித் தேம்பி அழுதார்.

"இப்புடி சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன். இழவுக்கு வந்த கூட்டம் சிரித்துப் பேசிக் காப்பி குடித்துவிட்டுப் போனது. குமரகுரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து வெண்ணிலா கிளம்பிவிட்டாள். போனைச் சார்ஜில் போட்டு அப்பா குரலைக் கேட்கவைத்த பிறகும் அழுகையை நிறுத்தவில்லை, பஸ்ஸை விட்டு இறங்கவும் இல்லை.

எல்லோரும் போன பின் அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "மறைவு தேதி மட்டும் வேற எழுத்து. அது குமரகுரு போட்டது. மத்ததெல்லாம் ஒன் கை."

நான் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

குமரகுரு என் காலில் விழாத குறை. அன்றைக்கு வேறு ஏதோ வேலைக்காக என் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறான். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறது. திரையில் வலது கிளிக் செய்து 'புதிய ஆவணம்' என்றதும் 'அஞ்சலி சிங்காரவேலு' என்று வந்து நின்றிருக்கிறது. "நான் ஒங்க ஃபோல்டர நோண்டலக்கா, சத்தியமா. அதுவா வந்துச்சு. ராஜலெட்சுமிக்கா வேற அழுதுட்டுப் போனாங்களா, நீங்கதான் ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி மனசு தெரிஞ்சு ரெடி பண்ணி வச்சிருக்கீங்கன்னு நெனச்சிட்டோம். அக்கா வந்து நிக்கறப்ப பேனர் இல்லாம இருக்கக்கூடாதுன்னு பாய்தான் உடனே ஓட்டச் சொன்னாரு."

பாய் அந்தப் பேனருக்குப் பில்கூடப் போடவில்லை. எங்கள் தொழிலில் ஒருவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அது. யாரை நான் திட்டுவது?

பிரசன்னாவுக்குப் போன் செய்தேன். "வார்ப்புருக்கள்னா டெம்ப்ளேட்ஸ் அக்கா. அதுல எத வச்சாலும் புது ஃபைல் ஆரம்பிக்கறப்ப மாதிரியா முன்னாடி காட்டும். அதுக்குத்தான் அந்த ஃபோல்டரே" என்றார். ஒளித்து வைப்பதற்கு ஊரில் உள்ள இடத்தையெல்லாம் விட்டு, கடைவாசல் ஷோகேஸில் வைத்திருக்கிறேன்.

அழித்தேன். குப்பைத் தொட்டியில் போய் உட்கார்ந்தது. அங்கேயும் போய் அழித்தேன். மீட்க முடியாது, சம்மதமா என்று கேட்டது. சம்மதம்.

பேனரைக் குமரகுரு நேற்றே அவிழ்த்துவிட்டான்.

ஜனவரி 25, சனி

போகவில்லை.

சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். கையைத் தூக்கவில்லை. வெண்ணிலா கெஞ்சினாள், கோபித்தாள், அழுதாள். "அப்பாவுக்கு இன்னைக்கு முடியல பாப்பா" என்று அவளிடம் மட்டும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீ கடைக்குப் போ" என்றார்.

சனிக்கிழமை கடைக்குப் போய் எத்தனை நாளாகிறது. ஒரு பெயரும் புரியவில்லை. பணிமேசையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். போகமாட்டேன் என்றால் இந்த மனுஷன் ஒரு வாரம், பத்து நாள். அந்தப் பேனரை ஓட்டச் சொன்னது பாய். ஆனால் இவருக்கு மனசு விட்டுப்போனது அந்தப் பேனரால் அல்ல, அதில் இருந்த என் கையால். இதை யாரிடம் சொல்வேன்?

ஜனவரி 26, ஞாயிறு

காலையிலேயே கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி நிற்கிறது. படுக்க முடியவில்லை, தலையணை வைத்துச் சாய்ந்தே இருந்தார். வெண்ணிலா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"எப்ப செஞ்ச?" என்றார்.

"பொங்கல் முடிஞ்சு. புது சாப்ட்வேர்ல பழகிப் பாக்க."

"பழகிப் பாக்க" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டார். "விட்டுருவோம்னு நான் சொன்னேன்ல, அது எனக்கு முடியலன்னு இல்ல. நீ பஸ்ல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே தூங்குற. நான் உக்காந்து பாத்துக்கிட்டுதான வாரேன். அலுத்துப்போச்சுன்னு ஒன் வாயில வராது. அதான் நானா சொல்லிப் பாத்தேன். நீ சரின்னு சொல்லுறியான்னு."

"நான் சரின்னு சொல்லலையே."

"வாயால சொல்லல."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, கத்திவிட்டேன்.

"ஆமா, அலுத்துப்போச்சு. ஆஸ்பத்திரி வாசன, பஸ்சு, ஒங்க சட்டப் பொத்தான், எல்லாம் அலுத்துப்போச்சு. முடிஞ்சுட்டா தூங்கலாம்னு நெனச்சேன். நெனச்சுதான் அதச் செஞ்சேன். செஞ்சுட்டுத் தேதி போடற எடத்துல கை வரல. அலுத்துப்போனா என்ன? அலுத்துப்போனவ கூட வரக்கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்குதா?"

வாசலில் வெண்ணிலா வந்து நின்று, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தச் சட்டைய எடு பாப்பா" என்றார் அவளிடம்.

ஜனவரி 27, திங்கள்

நேற்றே ஆட்டோ வைத்துக்கொண்டு போய், எமர்ஜென்சியில் சேர்த்து, இன்று காலை மெஷினில் போட்டார்கள். நர்ஸம்மா என்னைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். "படிச்சவங்கதானம்மா நீங்க? சனிக்கிழமை ஏன் வரல?" நான் பதில் சொல்வதற்குள் அவர் படுத்த இடத்திலிருந்தே, "எங்க வீட்டுல அன்னைக்கு ஒரு சாவுங்க சிஸ்டர்" என்றார். நர்ஸம்மா முகம் மாறி, "அய்யோ, யாருக்கு?" என்று கேட்டார். வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

ஜனவரி 29, புதன்

போனோம். பி.பி. நன்றாக இருந்தது. சீட்டு கிடைக்கவில்லை. கண்டக்டர் இவரைப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கவே தயங்கினார். அவரும் ஸ்டேட்டஸ் பார்த்தவராம்.

வெண்ணிலா கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது, "அம்மா, நீ ஒரு நாளாவது தூங்கு" என்றாள். அவள் தலை மறைந்ததும் அவர், "சனிக்கிழமை நான் தனியா போறேன்" என்றார்.

"மயக்கம் வந்தா?"

"அங்க நர்ஸ் இருக்காங்க. பஸ்ல கண்டக்டர் இருக்கான், என்னைய இனிமே அவன் மறக்கமாட்டான். வாரத்துல ஒரு நாள் நான் போறேன், ஒரு நாள் நீ வா."

வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவர் குரல் எடுத்துப் பேசிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நடுவில் தோன்றியது. அதில் நான் தோற்றுப்போனேன்.

ஜனவரி 30, வியாழன்

பிரசன்னா வந்தார். டைரி எழுதுகிறீர்களா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். காட்டவில்லை.

வார்ப்புருக்களில் இப்போது கல்யாணம் ஒன்று, காதணி ஒன்று, வெறும் அஞ்சலி ஒன்று வைத்திருக்கிறேன். போட்டோ இல்லை, பெயர் இல்லை. வலது கிளிக் செய்தால் வந்து நிற்கிறது. வேலை பாதியாகக் குறைகிறது. டியைத் தேடிக் கை போவதும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

இருட்டோடு எழுந்து தானே குளித்தார். பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார், ஒன்று மாறிப்போட்டிருந்தது, நான் சொல்லவில்லை. இட்லியை டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நான் கேட்க, உன்னுடையதில் இருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்டார். தெருமுக்கு வரை கூடப் போய் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வந்தேன், பார்த்தேன்.

பாத்திரம் கிடந்தது. துணி கிடந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் படுத்தேன். அவர் படுக்கிற பக்கத்தில் படுத்தேன்.

போன் சத்தத்தில்தான் விழித்தேன். வெயில் அடுப்படி வரை வந்திருந்தது. பயந்துகொண்டே எடுத்தேன்.

"மெஷின்ல போட்டாச்சு. ஒண்ணும் பிரச்சின இல்ல" என்றார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "தூங்குனியா?"

"தூங்குனேன்."

"நல்லா?"

"ம்" என்றேன்.

"சரி, இன்னுங் கொஞ்சம் தூங்கு. நான் வந்துருவேன்" என்றார்.